மட்டை வீச்சும் வலை வீச்சும்

"பந்தைப் பார்; பின் முழங்கையை உயர்த்து; முன்காலை மெதுவாக வை; தோளைத் திறக்காதே; மணிக்கட்டைத் திருப்பு; பந்தின் தலைமேல் அடி!"

இத்தனை கட்டளைகளையும் ஒரே மூச்சில் ஒருவர் ஒரு பதின்மூன்று வயதுச் சிறுவனிடம் சொல்லுகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். அவனை நோக்கி வரும் பந்தோ அரை வினாடிக்குள் அவனைக் கடந்துவிடும். அந்த அரை வினாடியில் ஆறு கட்டளைகளையும் நினைத்து, வரிசைப்படுத்தி, நிறைவேற்றவும் வேண்டும் என்றால் மனிதனால் ஆகுமா? ஆகாது என்பது சிறு குழந்தைக்கும் தெரியும். ஆனால் அப்படிச் சொல்லிக்கொடுத்தவர் வேறு யாருமல்லர், நண்பர்களே. பௌதிகத்தில் பட்டம் பெற்று மேற்படிப்பும் படித்துக்கொண்டிருக்கும் நானேதான்.

பிழைக்க வந்த இடத்தில் வேர் பிடித்த குடும்பம் எங்களுடையது. விழிஞ்ஞத்துக் கடற்கரையில் ஞாயிறு தோறும் சில பையன்களுக்கு சாப்ட்பால் ஆட்டம் சொல்லிக்கொடுத்து வருகிறேன். அது கால்பந்துக்குப் பேர்போன கரை, கிரிக்கெட்டும் உண்டு. சாப்ட்பாலோ அங்கே புதிது. பள்ளிகளுக்கிடையே நடக்கும் போட்டிகளில் அதற்கும் ஓர் இடம் உண்டு என்றும், கிரிக்கெட்டைப்போல் ஊருக்கு ஆயிரம் பேர் அதற்காக முட்டி மோதுவதில்லை என்றும் அறிந்து, நான்தான் ஆசை காட்டினேன். 2023 அக்டோபரில் மும்பையில் கூடிய ஒலிம்பிக் குழு, 2028ஆம் ஆண்டு லாஸ் ஏஞ்சல்ஸ் போட்டிகளில் பேஸ்பால்-சாப்ட்பாலையும் கிரிக்கெட்டையும் சேர்த்துக்கொள்ள முடிவு செய்ததையும் சொல்லிவைத்தேன். ஆசை காட்டுவது எளிது. அதற்குப் பொறுப்பேற்பது அன்றோ கடினம்!

அந்தப் பையன்களில் ஒருவன் இடக்கையன். நான் வருவதற்கு முன்பே, பழைய வலைத் துண்டுகளைச் சுருட்டிக் கட்டிய பந்தைத் துடுப்புக் கட்டையால் அடித்துப் படகுகளுக்கு அப்பால் அனுப்புவான். அவனைத் 'திருத்தி' மாவட்டத் தேர்வுக்கு அனுப்புவதென்று முடிவு செய்தேன். ஆறு வாரம் திருத்தினேன். தேர்வு நாளன்று அவனுக்கு எறியப்பட்ட பந்துகளில் ஒன்றுகூட மட்டையில் படவில்லை. திரும்பி வரும்போது பேருந்தில் அவன் ஒன்றே ஒன்று கேட்டான்: "சேட்டா, பந்து வரும்போது நீங்கள் சொன்னதில் எதை முதலில் நினைக்க வேண்டும்?"

என்னிடம் விடை இல்லை. அதன்பின் மூன்று ஞாயிறுகள் அவன் வரவில்லை. விடையைத் தேடி நான் படித்ததும் கண்டதும்தான் இந்தக் கட்டுரை.

முதலில் காலத்தைக் கணக்கிடுவோம். பேஸ்பாலில் எறிபவன் நிற்கும் இடத்துக்கும் அடிப்பவனுக்கும் இடையே 18.44 மீட்டர். அவன் முன்னே எட்டி வந்து பந்தை விடுவதால் உண்மையான தூரம் ஏறத்தாழ 17 மீட்டர்தான். தேர்ந்தவர் எறியும் பந்து வினாடிக்கு 40 மீட்டர் வேகத்தில் வருகிறது. வகுத்துப் பாருங்கள்: 0.42 வினாடி. சாப்ட்பாலில் வேகம் குறைவு; ஆனால் மகளிர் ஆட்டத்தில் தூரமும் 13.11 மீட்டராகக் குறுகிவிடுகிறபடியால் காலம் ஏறக்குறைய அதேதான். மட்டையைச் சுழற்றுவதற்கு மட்டும் 0.15 வினாடி போய்விடும். எஞ்சிய கால் வினாடிக்குள் பந்தைக் கண்டு, அதன் வேகத்தையும் இடத்தையும் ஊகித்து, அடிப்பதா விடுவதா என்று முடிவு செய்தாக வேண்டும்.

இதிலிருந்து ஓர் உண்மை புலப்படுகிறது. வீச்சு தொடங்கிவிட்டால் அதன் நடுவே எண்ணத்துக்கு இடமில்லை. "பந்து மட்டையில் படும்வரை பார்த்துக்கொண்டே இரு" என்று நாம் எல்லாரும் சொல்லுகிறோமே, அதுகூட நடவாத காரியம். 1984இல் அமெரிக்காவில் பேகில், லாரிட்ஸ் என்னும் இருவர் அடிப்பவர் கண்களின் அசைவை அளந்து, பந்து சில அடி தூரத்துக்குள் வந்ததும் கண்ணால் அதைத் தொடர இயலாது என்று காட்டினர். 2000ஆம் ஆண்டில் லாண்ட், மெக்லியோட் ஆகியோர் கிரிக்கெட் ஆட்டக்காரரை ஆராய்ந்தபோது, நல்ல ஆட்டக்காரனின் கண் பந்தை விட்டுவிட்டு, அது தரையில் குத்தப்போகும் இடத்துக்கு முன்னதாகவே தாவிவிடுகிறது என்று கண்டனர். பந்தை எறியும் கையிலிருந்து புறப்படும்போதே நன்றாகப் பார் என்று சொல்வதுதான் நேர்மை. கடைசிவரை பார் என்பது வாய்ச்சொல்.

அடுத்தது, பந்து எப்படித் தூரம் போகிறது? இதில் ஒரு கணக்கு மிக அழகானது. நல்ல மட்டையின் சரியான இடத்தில் பந்து பட்டால், திரும்பிப் போகும் வேகம், வந்த பந்தின் வேகத்தில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கும், மட்டையின் வேகத்தைப்போல் 1.2 மடங்கும் சேர்ந்ததாகும். பந்து வினாடிக்கு 20 மீட்டரும் மட்டை 20 மீட்டருமாக மோதினால் 4ம் 24ம் சேர்ந்து 28 மீட்டர். எறிபவன் 5 மீட்டர் வேகத்தைக் கூட்டினால் அடிப்பவனுக்குக் கிடைக்கும் இலாபம் 1 மீட்டர். அடிப்பவன் மட்டையில் 5 மீட்டரைக் கூட்டினாலோ 6 மீட்டர்! ஆகவே மட்டையின் வேகமே முதல். பாரமான மட்டைதான் தூரம் அனுப்பும் என்று நம் பையன்கள் எல்லாரும் பெரியவர் மட்டைக்குப் போட்டி போடுகிறார்கள். தூக்க முடியாத மட்டையை விரைவாகச் சுழற்ற முடியாது. சுழலும் பொருளின் சடத்துவம் தூரத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது என்று படித்திருக்கிறோம் அல்லவா? பிடியை இரண்டு விரற்கிடை மேலேற்றிப் பிடிக்கச் சொன்னாலே போதும், அதே மட்டை இலேசாகிவிடும். காசில்லாமல் வாங்கிய புது மட்டை அது.

பந்து மட்டையைத் தொட்டிருக்கும் நேரம் எவ்வளவு என்று நினைக்கிறீர்கள்? ஏறத்தாழ ஆயிரத்தில் ஒரு பங்கு வினாடி. அந்த நேரத்துக்குள் கை ஒன்றும் செய்ய இயலாது. கைக்கு அடியின் செய்தி போய்ச் சேரும் முன்பே பந்து புறப்பட்டுவிடுகிறது. ஆகவே நான் கத்திக்கொண்டிருந்த "மணிக்கட்டைத் திருப்பு" என்பது முழுப் பிழை. மோதும் வேளையில் மேற்கையின் உள்ளங்கை வானத்தையும் கீழ்க்கையின் உள்ளங்கை தரையையும் பார்த்திருக்க வேண்டும். மணிக்கட்டு திரும்புவது பந்து போனபின், தானாக. அதை முன்கூட்டித் திருப்பினால் மட்டை பந்தின் வழியை விட்டு விலகி, பந்து தரையில் உருளும். அப்படியானால் அடித்த பின்பும் மட்டையை ஓடவிடு என்கிறார்களே, அது எதற்கு? நிறுத்த நினைப்பவன் மோதலுக்கு முன்னாலேயே வேகத்தைக் குறைத்துவிடுவான் என்பதற்காகத்தான்.

"பந்தின் தலைமேல் அடி" என்பது இன்னும் மோசமான பிழை. கிரிக்கெட்டில் உயரக் குத்தி எழும் பந்தை அடக்க அது உதவலாம். பேஸ்பாலில் பந்து குத்தி வருவதில்லை. காற்றிலேயே இறங்கி வருகிறது. வேகப்பந்துகூட அடிப்பவனை அடையும்போது ஏறத்தாழ 6 முதல் 10 பாகைச் சரிவில் இறங்குகிறது. சிறுவர் எறியும் மெதுவான பந்தோ இன்னும் செங்குத்தாகவே விழும். மட்டை அந்தச் சரிவின் வழியிலேயே சற்று மேல்நோக்கி எதிர்சென்றால் இரண்டும் ஒரே கோட்டில் நெடுநேரம் இருக்கும். விழிஞ்ஞத்துப் பையன்களுக்கு இதை வள்ளத்தைக் காட்டிச் சொன்னேன்: எதிரெதிரே ஒரே கோட்டில் வரும் இரண்டு வள்ளங்கள் முந்தினாலும் பிந்தினாலும் மோதியே தீரும், குறுக்கே வருபவை சரியான கணத்தில் வந்தால்தான் மோதும். மேலிருந்து கீழே வெட்டுபவன் குறுக்கே வரும் வள்ளக்காரன். அமெரிக்க ஆட்டக்காரர் டெட் வில்லியம்ஸ், 1941இல் பருவம் முழுவதும் ஆடி .406 என்னும் சராசரி எடுத்தவர், இந்த மேல்நோக்கிய வீச்சைத்தான் தம் நூலில் வற்புறுத்தினார். அவருக்குப் பின் அமெரிக்கன் லீக், நேஷனல் லீக் என்னும் இரண்டிலும் எவரும் பருவச் சராசரியில் .400ஐ எட்டவில்லை.

சரி, மட்டைக்கு அந்த வேகம் எங்கிருந்து வருகிறது? கையிலிருந்து என்றுதான் எல்லாரும் நினைக்கிறோம். 1995இல் வெளிவந்த ஓர் ஆய்வு, தொழில்முறை ஆட்டக்காரரின் வீச்சைப் படமெடுத்து அளந்தது. முன்கால் தரையில் ஊன்றியதும் முதலில் இடுப்பு திரும்புகிறது, வினாடிக்கு ஏறத்தாழ 700 பாகை வேகத்தில். தோள் அதற்குப் பிந்தித் திரும்பி 900ஐத் தாண்டுகிறது. கை இன்னும் பிந்தி 1100ஐத் தாண்டுகிறது. கடைசியில் மட்டை. சாட்டையின் கதை இதுவே: அடி தடித்தது, மெல்ல நகரும், நுனி மெலிந்தது, பறக்கும். ஒவ்வொரு பகுதியும் தன் வேகத்தை அடுத்ததற்குக் கொடுத்துவிட்டுத் தான் தணிகிறது. இடுப்பு முந்தித் தோள் பிந்தும்போது நடுவிலுள்ள தசைகள் வில்லின் நாண்போல் இழுபட்டுப் பின் சுருங்குகின்றன. இடுப்பும் தோளும் ஒன்றாகத் திரும்பினால் நாண் ஏறவே இல்லை என்று பொருள். "தோளைத் திறக்காதே, திறக்காதே" என்று நான் அந்தப் பையனை அச்சுறுத்தியதில் அவன் இடுப்பையும் சேர்த்துப் பூட்டிவிட்டான். பிறகு வெறும் கையால் அடித்தான். கை பாவம், என்ன செய்யும்?

இவ்வளவும் படித்தாகிவிட்டது. பையனிடம் எப்படிச் சொல்வது? "உன் இடுப்பை 700 பாகை வேகத்தில் திருப்பு" என்றா?

நான்காம் ஞாயிறு அவனைத் தேடிக் கரைக்குப் போனேன். 2024 டிசம்பரில் வணிகப் பணி தொடங்கிய பன்னாட்டுத் துறைமுகத்தின் பாரந்தூக்கிகள் தொலைவில் நீலமாய் நிற்க, இப்பால் பாறை ஒன்றின்மேல் அவன் தன் பாட்டனாரோடு நின்றுகொண்டிருந்தான். கிழவர் வீச்சு வலை எறிந்துகொண்டிருந்தார். எழுபதைக் கடந்தவர், கையில் சதையென்று சொல்ல ஒன்றுமில்லை. வலையின் கயிற்றை இடக்கையில் சுற்றி, மடிப்புகளை உடம்போடு ஒட்டிப் பிடித்து, ஈய மணிகள் தொங்கும் விளிம்பில் ஒரு பகுதியைத் தோளருகே வைத்துக்கொண்டார். உடம்பு பின்னே சற்றுத் திரும்பியது. பாரம் பின்காலுக்குப் போனது. பிறகு முன்கால் ஊன்றியது, இடுப்பு திரும்பியது, தோள் தொடர்ந்தது, கை கடைசியில் நீண்டது. வலை வட்டமாய் விரிந்து நீரில் விழுந்தது.

நான் அசந்துபோனேன். நூலில் படித்த வரிசை அப்படியே கண்முன் நடந்தது! தொடக்கத்தில் வலையை உடம்போடு ஒட்டி வைத்திருந்தாரே, அதுவும் பாடந்தான். மட்டையையும் முதலில் உடம்போடு ஒட்டிக் கொண்டுவந்து, இறுதியில்தான் நீட்ட வேண்டும். தொடக்கத்திலேயே கையை நீட்டிவிட்டால் சடத்துவம் கூடிச் சுழற்சி மந்தமாகும். அடுத்த வீச்சைப் பையன் வீசினான். அதே வரிசை. அவன் ஏழெட்டு வயதிலிருந்து இதைச் செய்கிறவன்! துடுப்புக் கட்டையால் அவன் முன்பு அடித்த அடிகளின் இரகசியம் எனக்கு அப்போதுதான் விளங்கியது. இருந்ததைக் கெடுத்தவன் நான்.

"எனக்கும் கற்றுக்கொடு" என்றேன். அவன் சிரிக்காமல் வலையைத் தந்தான். நான் வீசிய வலை மூட்டையாய்ப் போய் 'தொப்'பென்று விழுந்தது; நானும் ஏறத்தாழ அதன் பின்னாலேயே போயிருப்பேன், கிழவர் சட்டையைப் பிடித்தார். பையன் அப்போதும் "முழங்கையை உயர்த்து, தோளைத் திறக்காதே" என்றெல்லாம் சொல்லவில்லை. "சேட்டா, வலையைப் பார்க்காதீர்கள். அதோ அந்த நுரை இருக்கிறதே, அங்கே வட்டம் விழ வேண்டும் என்று நினையுங்கள்" என்றான். ஐந்தாவது வீச்சில் பாதி வட்டம் விழுந்தது.

அவன் சொன்னதற்கு ஆய்வுச் சான்றும் உண்டு. 1998இல் கேப்ரியேல் வுல்ஃப் என்னும் ஆய்வாளரும் கூட்டாளிகளும், பனிச்சறுக்குப் போன்ற பொறியொன்றின்மேல் சிலரை ஏற்றினர். ஒரு சாராரைத் தம் கால்களை நினைக்கச் சொன்னார்கள், மற்றொரு சாராரைப் பொறியின் சக்கரங்களை நினைக்கச் சொன்னார்கள். சக்கரங்களை நினைத்தவர்கள் நன்றாகக் கற்றனர். உடம்பின் உறுப்பை நினைப்பதைவிட, உடம்புக்கு வெளியே நிகழ வேண்டியதை நினைப்பது நல்லது என்பதை அதன்பின் வந்த பல ஆய்வுகளும் ஆதரித்தன. அதற்கும் நெடுநாள் முன்பு, 1920களில் மாஸ்கோவில் பெர்ன்ஸ்டைன் என்பவர், சுத்தியல் அடிக்கும் கைதேர்ந்த தொழிலாளரைப் படமெடுத்தார். ஒவ்வோர் அடியிலும் தோளும் முழங்கையும் வெவ்வேறு விதமாய் அசைந்தன. சுத்தியலின் தலை மட்டும் ஏறக்குறைய ஒரே வழியில் சென்றது! எல்லாப் பையனுக்கும் ஒரே முழங்கை நிலை என்று நான் அச்சடிக்க முயன்றேனே, அது தேர்ந்த தொழிலாளியிடமே இல்லாத ஒன்று.

கிரிக்கெட்டில் இதற்குப் பெரிய சாட்சி பிராட்மன். பௌரல் என்னும் சிற்றூரில், தண்ணீர்த் தொட்டியின் அடிச்சுவரில் கோல்ஃப் பந்தை எறிந்து, திரும்பி வருவதை ஒரு ஸ்டம்பால் அடித்துத் தானே கற்றவர். அவர் மட்டையைப் பின்னெடுத்த விதம் பாடநூலுக்கு மாறானது. நேராக எடுக்காமல் ஸ்லிப் பக்கமாக எடுத்தார். யாராவது ஒரு 'நான்' அந்தச் சிறுவனைத் திருத்தியிருந்தால் 99.94 என்ற சராசரி ஏது?

அவ்வளவு தூரம் போவானேன்? விழிஞ்ஞத்துக்குப் பக்கத்துக் கடற்கரையூராகிய புல்லுவிளையில் 1994இல் பிறந்தவர் சஞ்சு சாம்சன். அவருடைய தந்தையார் தில்லிக் காவல்துறையில் பணிபுரிந்த கால்பந்து ஆட்டக்காரர். சிறுவனுக்குத் தில்லியின் இளையோர் அணியில் இடம் கிடைக்காதபோது, வேலையை விட்டுவிட்டுப் பிள்ளைகளைத் திருவனந்தபுரத்துக்கு அழைத்துவந்தார். இங்கே மருத்துவக் கல்லூரி மைதானத்தில் பிஜு ஜார்ஜ் பயிற்சி அளித்தார். 2024 அக்டோபர் 12இல் ஐதராபாத்தில் வங்காளதேசத்துக்கு எதிராக அவர் 47 பந்துகளில் 111 ஓட்டம் எடுத்தார். ஒரே ஓவரில் ஐந்து சிக்சர். அந்த ஆட்டப் படத்தை மெதுவாக ஓட்டிப் பையன்களுக்குக் காட்டினேன். தலை அசைவதில்லை, கால் அதிகம் ஓடுவதில்லை, இடுப்பு திரும்பியபின் கை வருகிறது. "இது அப்பூப்பனின் வலை" என்றான் ஒருவன். நான் ஒன்றும் சொல்லவில்லை. சொல்ல வேண்டியிருக்கவும் இல்லை.

இப்போது நான் செய்வது மிகக் கொஞ்சம். மணலில் ஒரு மூங்கிலை நட்டு, அதன் தலையில் இரப்பர்க் குழாய்த் துண்டைச் செருகி, அதன்மேல் பந்தை வைக்கிறோம். எதிரே இருபது அடியில் ஒரு பழைய வலை கட்டியிருக்கிறது. அதில் தலை உயரத்துக்குச் சற்று மேலே ஒரு சிவப்புத் துணி. "துணியில் அடி" என்பதுதான் கட்டளை. மேலிருந்து வெட்டுபவனுக்குப் பந்து துணிக்குப் போகாது. யாரும் சொல்லாமலே அவன் வழியை மாற்றிக்கொள்கிறான். கையை முன்கூட்டி நீட்டுபவனை வேலியோரமாய் நிறுத்துகிறேன். நீட்டினால் மட்டை வேலியில் இடிக்கும். கையால் மட்டும் அடிப்பவனிடம் மட்டையை வாங்கிக்கொண்டு, ஒரு கனத்த ஈர மணல் மூட்டையைப் பக்கவாட்டில் எறியச் சொல்லுகிறேன். கையால் அது போகாது. இடுப்பு தானாக வந்து உதவும். அங்கே கரமடி இழுக்காத பையன் இல்லை. காலை ஊன்றுவது எப்படி என்று அவர்களுக்கு நான் சொல்லித்தரத் தேவையில்லை. ஒரு நாளில் ஒரு பையனுக்கு ஒரு சொல். அதற்கு மேல் நான் பேசினால் எனக்கு அபராதம், ஒரு எலுமிச்சைச் சர்பத். இதுவரை நிறைய நட்டப்பட்டிருக்கிறேன்.

எல்லாம் சரியாகிவிட்டது என்று சொல்ல மாட்டேன். கிரிக்கெட்டில் பழகிய பையன்களுக்கு வயிற்றுக்கு நேரே வரும் பந்து எளிது. 'புல்' அடியை அறிந்தவர்களாதலால் மட்டையைக் கிடையாய்ச் சுழற்றிவிடுகிறார்கள். முழங்காலளவில் வெளியே போகும் பந்தைக் கண்டால் பழைய பழக்கம் தலைதூக்கி, மட்டையைச் செங்குத்தாக இறக்குகிறார்கள். இதற்கு ஏற்ற வழி எனக்கு இன்னும் அகப்படவில்லை. சிறுவரின் எலும்பு வளரும் பருவமாதலால் நாளொன்றுக்கு நூற்றுக்கணக்கில் அடிக்கவிடவும் எனக்கு மனமில்லை. களைத்தபின் அடிக்கும் அடிகளில் வரிசை குலைந்து, முதுகுதான் சுமையைத் தாங்குகிறது.

இடக்கைப் பையன் திரும்ப வருகிறான். அடுத்த தேர்வு ஆண்டு இறுதியில். சென்ற ஞாயிறு அவன் அடித்த பந்து துணியையும் வலையையும் தாண்டிப் பாறைகளுக்கு அப்பால் நீரில் விழுந்தது. இருந்த இரண்டு நல்ல பந்துகளில் ஒன்று போயிற்று. "எதை நினைத்து அடித்தாய்?" என்று கேட்டேன். "ஒன்றும் நினைக்கவில்லை சேட்டா" என்றவன், பந்தை எடுக்க நீந்தப் போவதாகச் சொல்லிச் சட்டையைக் கழற்றினான்; அலை பெரிதாயிருந்ததால் தடுத்துவிட்டேன்.

மன்றத்து நண்பர்களில் எவரிடமாவது பழைய சாப்ட்பால் பந்தோ, உடைந்த மட்டையோ, ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலையோ மிச்சமிருந்தால் விழிஞ்ஞத்துக்குக் கொண்டுவாருங்கள். நான்கு மணிக்குத் தொடங்குகிறோம்.